தலைகீழ்க் குரல்

பதினோராம் மாடியின் பிரஷர் குக்கர் இன்று முதல் கிடையாது என்று செவிப்பொட்டு காலையில் அறிவித்தது. குக்கர் இருக்கும், சாதம் வேகும், விசில் மட்டும் யார் காதிலும் விழாது. போன வாரம் மூன்றாம் மாடி நாய் போயிற்று. யாருக்கும் கேட்கவில்லை என்று தெரியாமல் அது பாவம் இன்னும் கடமையாகக் குரைத்துக்கொண்டிருந்தது.

செவிப்பொட்டு என்பது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற மிளகளவு சமாசாரம். வேண்டாத சத்தம் காதை நெருங்கும்போது, அந்த அலை எங்கெல்லாம் மேடோ அங்கெல்லாம் பள்ளமாகவும், எங்கெல்லாம் பள்ளமோ அங்கெல்லாம் மேடாகவும் ஒரு தலைகீழ் அலையை அது எழுப்பும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் சமதரை, சத்தம் காலி. ஆனால் சத்தம் வந்து சேர்ந்த பிறகு கணக்குப் போட்டால் நேரம் போதாது. அதனால் அறைக்கு அறை கூரையில் முன்செவி என்றொரு கருவி. அது சத்தத்தைப் பிறந்த இடத்திலேயே பிடித்து, அது காற்றில் நடந்து வருவதற்குள் எல்லாப் பொட்டுகளுக்கும் தாக்கல் சொல்லிவிடும்.

எதை விலக்குவது என்பதை அடுக்ககமே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும். பாதிப் பேருக்கு மேல் வேண்டாமென்றால் விலக்கு. மனிதக் குரலுக்கு மட்டும் ஒரு சலுகை: அந்தக் குரல்காரரின் வீட்டில் ஒருவராவது சம்மதித்துக் கைரேகை வைக்க வேண்டும். குரல்காரருக்கே தெரியப்படுத்த வேண்டும் என்று விதியில் இல்லை. தெரியப்படுத்தினால் கத்துவார் என்பதால் இருக்கலாம்.

தெய்வசிகாமணி பொட்டு வைப்பதில்லை. பொட்டோடு பாட்டுக் கேட்பது தோலோடு வாழைப்பழம் தின்பது மாதிரி என்பான். பகலில் பம்ப்செட் கம்பெனியில் வரைபடம் போடுவான். மற்ற நேரமெல்லாம் சிங்காநல்லூரில் அந்த அடுக்ககத்தின் நிலத்தடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தானே கட்டிய கேட்பறையில் கிடப்பான்; வீட்டில் அதற்குப் பட்டறை என்று பேர். வால்வு ஆம்ப்ளிஃபயர், கான்கிரீட்டில் வார்த்த ஸ்பீக்கர் பெட்டிகள், சுவரெல்லாம் பஞ்சு. காற்றுக் குழாய் ‘உஸ்’ என்றது என்று அதையும் பஞ்சால் அடைத்திருந்தான். கூரையில் இருந்த முன்செவிக்கும் பழந்துணி திணித்து டேப் ஒட்டியாயிற்று. என் பாட்டை நீ எதுக்குக் கேக்கறே என்பது அவன் கட்சி. கதவு மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்குக் குளிர்க்கிடங்கு ஒன்றிலிருந்து வாங்கியது. சுற்றிலும் ரப்பர், ஓர் எறும்புக்கும் வழி கிடையாது. செல்போன் மேலே வீட்டில் இருக்கும். அருகில் இருந்தால் வால்வுக்குள் புகுந்து ‘டிக்டிக்’ என்கிறதாம்.

அவனைப் போன்ற கிறுக்கர்கள் ஊரில் பத்துப் பதினைந்து பேர் உண்டு. அதில் ஐந்தாம் மாடி ஹக்கீம் நெருங்கிய நண்பன், அதனாலேயே ஜென்மப் பகையாளி. பகை எதில் என்றால் சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒயரை மாற்றிக் கொடுத்தால் ஒலியலை முழுக்கத் தலைகீழாகும். அது காதுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும், தலைகீழ்க் குரலுக்கு உயிரே இருக்காது என்பான் சிகாமணி. காதுக்கு மேடும் ஒண்ணுதான் பள்ளமும் ஒண்ணுதான், போய் வேலையைப் பாரு என்பான் ஹக்கீம். இதில் வருஷக் கணக்கில் டீ ஆறியிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை வேறு. தவில் ரிக்கார்டில் அடிநாதம் வரும்போதெல்லாம் எங்கோ ‘கிர்ர்’ என்றது. ஒரு வாரமாக உயிரை வாங்கிய அந்த அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று காலையில்தான் கண்டுபிடித்தான். கதவின் உள்பக்கத் திறப்புக் கம்பி. கிடங்கில் ஆள் மாட்டிக்கொண்டால் உள்ளிருந்து திறக்க வைத்தது. துருப்பிடித்து ஆடியது. மரையைத் திருகிப் பார்த்தான், வரவில்லை. ஹாக்ஸா எடுத்து அடியோடு அறுத்துவிட்டான். ரப்பர் சுற்றிய புதுக் கம்பி பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கிர்ர் போயிற்றா என்று பார்க்க வேண்டாமா? கதவைச் சாத்திக்கொண்டு தவிலைப் போட்டான்.

போயிருந்தது. கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது. முழுவதும் கேட்டுவிட்டு, ஹக்கீமைக் கூட்டி வரலாம் என்று எழுந்து கதவுக்குப் போனான். கம்பி இருந்த இடத்தில் வழுவழுப்பான ஒரு துளை இருந்தது.

ஸ்க்ரூ டிரைவர், நோஸ் பிளேயர், சாலிடரிங் கம்பி எல்லாவற்றையும் துளைக்குள் விட்டுப் பார்த்தான். எதுவும் எதிலும் பிடிக்கவில்லை. அடுப்பு மாதிரி காந்திக்கொண்டிருந்த வால்வுகளை அணைத்தான். காற்றுக் குழாயை ஓடிப்போய்ப் பார்த்தான். கூரையோரம், முழங்கை நீளத்துக்குப் பஞ்சும் அதன் மேல் ஸ்க்ரூ டிரைவர்கூட இறங்காத எம்-சீல் பூச்சும். அவன் வேலை எப்போதும் சுத்தமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவனை யாரும் தேட மாட்டார்கள். மனைவி கோகிலவாணி கேரியரைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவன் எடுக்காவிட்டால் தவிலில் இருக்கிறான் என்று அர்த்தம்.

கத்தினான். ஸ்பேனரால் கதவை அடித்தான். பஞ்சு எல்லாவற்றையும் விழுங்கியது. தப்பித் தவறி வெளியே கசிவதையும் பொட்டுகள் பார்த்துக்கொள்ளும், பட்டறைச் சத்தம் முழுவதையும் அடுக்ககம் எப்போதோ விலக்கிவிட்டது. கத்தக் கத்தக் காற்றுதான் கனத்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. பயம் என்றால் இதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் முன்செவி ஞாபகம் வந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி டேப்பைக் கிழித்துத் துணியைப் பிடுங்கினான். அதற்குக் கேட்கத்தான் தெரியும், பேசத் தெரியாது. இருந்தாலும் வெளியுலகத்தோடு தொடர்பு உள்ள பொருள் அந்த அறையில் அது ஒன்றுதான்.

“யாராச்சும் இருக்கீங்களா!” என்று கத்தினான்.

முன்செவியில் கடுகளவு சிவப்பு விளக்கு எரிந்தது. வாயை மூடினான், அணைந்தது. கை தட்டினான், எரியவில்லை. ஸ்பேனரால் தட்டினான், எரிந்தது. சரி, அது விலக்கப்பட்ட சத்தம். மெதுவாக “சிகாமணி” என்றான். எரிந்தது. “அ” என்றான். அதற்கும் எரிந்தது.

அவன் குரலே விலக்கப்பட்டிருந்தது. அக்கம்பக்கத்து ஓட்டு அவனுக்கு ஆச்சரியமாக இல்லை. அடுக்கக விழாக்களில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவன் போட்ட சத்தம் அப்படி. ஆனால் கைரேகை? அந்த வீட்டில் அவனை விட்டால் இருந்தது இரண்டே கைகள்.

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டான். எவ்வளவு நாளாக? அவன் பேசும்போதெல்லாம் கோகிலா அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவன் நிறுத்தியதும் “ம்” என்பாள். ஸ்பீக்கர் கோன் பற்றி, டிரான்ஸ்ஃபார்மர் பற்றி, ஹக்கீமின் முட்டாள்தனம் பற்றி எத்தனை பேசியிருக்கிறான்! எல்லாவற்றுக்கும் அந்த “ம்” சரியாகப் பொருந்தியிருக்கிறது. சந்தேகம் வருகிற மாதிரி ஒரு கேள்விகூட அவளிடம் அவன் கேட்டதில்லை. அழுகை வந்தது, அழுதான். அதற்கும் விளக்கு எரிந்தது.

எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு மண்டைக்குள் வேறொன்று எரிந்தது. விளக்கு எரிந்தால் தாக்கல் போகிறது என்று அர்த்தம். தாக்கல் போனால் மேலே ஒவ்வொரு காதிலும் பொட்டு தலைகீழ் அலையை எழுப்புகிறது. எதை அழிக்க? காற்றில் வருகிற அவன் குரலை. ஆனால் குரல் இந்த அறையை விட்டு வெளியே போகவே இல்லை! அழிக்க வந்தது மட்டும் தனியாகக் காதில் நிற்கும். இது உருளைக்கிழங்குக் கதவு என்று முன்செவிக்குத் தெரியாது.

தலைகீழான குரல் கேட்கும். ஆனால் அது உயிரில்லாத, யார் என்றே தெரியாத குரலாக இருக்குமே? ஹக்கீம் சொன்னதே சரியாக இருக்க வேண்டும் என்று சிகாமணி முதல் முறையாகக் கடவுளை வேண்டிக்கொண்டான்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பொட்டு அளவுக்கு மீறிச் சத்தம் எழுப்பாது, காது கெட்டுவிடும் என்று தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். கத்தக் கூடாது. கிசுகிசுக்க வேண்டும். மறுபடி ஸ்டூலில் ஏறி உதட்டை முன்செவியோடு ஒட்டி வைத்தான். இந்த நொடியில் வேறு யாராக இருந்தாலும் ‘காப்பாற்றுங்கள்’ என்றிருப்பார்கள். இவன் வாழ்நாளெல்லாம் மைக்கைக் கண்டால் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறான். வாய் தானாக அதையே சொல்லிற்று.

“ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ...”

அடுக்ககம் முழுவதும் ஒரே நேரத்தில் காதுக்குப் பின்னால் கையை வைத்தது. ஓட்டுப் போட்டு ஒழித்த குரல் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தால் என்ன செய்வார்கள்? பொட்டு கெட்டுவிட்டது என்று பிய்த்து மேஜை மேல் எறிந்தார்கள். எறிந்தவுடன் குரல் நின்றது, அதனால் கெட்டது பொட்டுதான் என்று உறுதியும் ஆயிற்று. ஐந்தாம் மாடியில் ஹக்கீம் விழுந்து விழுந்து சிரித்தான். “அடேய் சிகாமணி, தலைகீழா அனுப்பி எனக்கே டெஸ்ட் வெக்கறியா? அச்சு அசல் உன்ற கொரலுதான்டா, நாந்தான் ஜெயிச்சேன்!” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவனும் பொட்டைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போனான்.

எட்டாம் மாடியில் கோகிலவாணி கோபிச்செட்டிபாளையத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போகப் பையில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள். எப்போது திரும்புவது என்று தீர்மானிக்கவில்லை. குரல் கேட்டதும் அவள் கையும் காதுக்குத்தான் போயிற்று. ‘த்ரீ’க்கு அப்புறம் அது அவள் பேரைச் சொன்னது.

“கோகிலா... நாந்தான். கீழ பட்டறையில மாட்டிக்கிட்டேன். கம்பிய நானே அறுத்துப்போட்டேன். வெளியிருந்து தொறக்கோணும். யாருக்குக் கேக்குது, கேக்கலைன்னு எனக்குத் தெரியல.”

கை அப்படியே நின்றது. இத்தனை மெதுவாக, இத்தனை பக்கத்தில், அந்த மனிதர் அவளிடம் பேசியதே இல்லை. மூச்சுக்கூடக் கேட்டது.

“காத்துப் பத்தலை புள்ள. கோவத்துல நீ கைரேகை வெச்சது எனக்குத் தெரிஞ்சு போச்சு. வெச்சது சரிதான். நா யாருக்குத்தான் பேசுனேன்? கேக்கறவங்க இருக்காங்களான்னு பாக்காமயே பேசியிருக்கேன். காலைல கதவுகிட்ட வந்து என்னமோ சொல்ல நின்னே. நா ஹாக்ஸாவத் தேடிட்டிருந்தேன். என்ன சொல்ல வந்தே? அத மட்டும் கேட்டுக்கறேன்...”

பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். லிஃப்டில் ஏறினால் குரல் விட்டுப்போகுமோ என்று பயம். ஏழு, ஆறு, ஐந்து என்று மாடிகள் மேலே போக, குரல் கூடவே வந்தது. பெண் பார்க்க வந்த அன்று அவள் கட்டியிருந்த புடவையின் நிறத்தைச் சொன்னது. நிறம் தப்பு. ஆனாலும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

கதவின் நெம்புகோலில் கை வைத்த பிறகு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். குரல் திணறத் தொடங்கியது. சட்டென்று இழுத்தாள்.

சிகாமணி வெளியே விழுந்தான். தரையில் கிடந்தபடி காற்றைக் குடித்தான். பிறகு எழுந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசினான், நிறுத்தாமல் பேசினான். நரம்பு புடைக்கக் கத்துகிறான் என்பது அவளுக்குக் கழுத்தைப் பார்த்துத் தெரிந்தது. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கதவு திறந்துவிட்டதால் அவன் குரல் இப்போது நேராக அவள் காதுக்கு வந்தது. பொட்டின் தலைகீழ்க் குரலும் வந்தது. மேடும் பள்ளமும் சேர்ந்து எல்லாம் சமதரை.

அவனுக்கும் புரிந்தது. அவள் காதைக் காட்டி, பொட்டை எடு என்று சைகை செய்தான்.

அவள் மறுத்துத் தலையாட்டினாள். “மாட்டேனுங்க மாமா. எடுத்தா நீங்க கத்தறதுதான் கேக்கும். கத்தி முடிச்சுப் போட்டு நாளைக்குக் கோனு, வால்வுன்னு ஆரம்பிப்பீங்க. எனக்குத் தெரியாதுங்களா?”

அவன் இல்லை இல்லை என்று கைகளை ஆட்டினான்.

“உள்ளார இருந்து பேசுனீங்க பாருங்க, அது நம்ம கண்ணாலம் ஆன புதுசுலகூட நாங் கேட்டதில்லீங்க.” பையைப் படிக்கட்டில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நா ஊருக்குப் போறேன்னு சொல்லத்தான் காலைல வந்தேன். கோபி பஸ்ஸுக்கு இன்னுங் கொஞ்ச நேரமிருக்குதுங்க. கேக்கறேன். உள்ள போயிப் பேசுங்க.”

சிகாமணி அவளைப் பார்த்தான். பையைப் பார்த்தான். பேசி முடித்ததும் திறந்துவிடுவாயா என்று கேட்க வாயெடுத்து, கேட்டாலும் அவளுக்குக் கேட்காது என்பதால் மூடிக்கொண்டான். நெஞ்சு நிறைய ஒருமுறை மூச்சு இழுத்தான். பிறகு உள்ளே போய், கதவைத் தானே இழுத்துச் சாத்தினான்.