விரல் கேட்காத திரை

நேற்று அவன் பாடப் புத்தகத்தின் மரப் படத்தில்தான் நிறுத்தியிருந்தான். இன்று வேலை முடிந்து வந்து, சட்டையில் அப்பிய சிமெண்டுத் தூளைக்கூடத் தட்டாமல் மனைவியின் கைபேசியை எடுத்தபோது, அடுத்த பக்கத்துப் படகு திறந்து கிடந்தது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் போனதிலிருந்தே யாரும் இல்லை.

அந்தப் பாடப் புத்தகம் அவள் செய்தது. தையல் கடையில் மிஞ்சிய தாள்களில் படம் வரைந்து, பக்கத்தில் சொல்லை எழுதி, ஒவ்வொன்றையும் கைபேசியில் பிடித்து ஒரே கோப்பாகச் சேர்த்திருந்தாள். மூட்டை சுமந்தே நரைத்துப்போனவனுக்கு எழுத்து வர வேண்டும் என்று. அவன் விரல்கள் காய்த்தவை. எவ்வளவு அழுத்தினாலும் திரை அசையாது. அதனால் அவள் பின்னால் நின்று, அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஊசி குத்திப் புள்ளி விழுந்த சுட்டுவிரலை எழுத்தின் அடியில் வைத்து நகர்த்துவாள்.

"எழுத்தைப் பார்த்துப் படிய்யா. என் மூஞ்சியிலயா எழுதியிருக்கு?"

"அதுல எழுதியிருந்தா எப்பவோ பாஸாகியிருப்பேனே."

கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டமாட்டாள். "அதை நீயா படிக்கணும்" என்பாள். பாதிப் புத்தகத்தில் காய்ச்சல் வந்து அவளைக் கொண்டுபோனது. குழியை அவனே மூடினான். மண்வெட்டியை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

அந்தக் கடைசிப் பக்கம்தான் அவனுக்கு மிச்சம். அதற்குக் குறுக்கே நின்றது, கேட்காமலே வந்து குடியேறிய ஒரு செயலி. எந்தக் கோப்பைத் தொட்டாலும் முந்திக்கொண்டு திறக்கும். விளம்பரம் காட்டும். எனக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கும். உங்களைப் பார்க்க அனுமதி கொடுங்கள், நீங்கள் பேசுவதைக் கேட்க அனுமதி கொடுங்கள் என்று நச்சரிக்கும்.

கடையில் கொண்டுபோய்க் காட்டியபோது, கைபேசி பழுதுபார்ப்பவன் சிரித்தான். "எத்தனை தடவை எடுத்தாலும் திரும்ப வருதேண்ணே. சொந்தக்காரங்ககூட இவ்வளவு பாசமா வரமாட்டாங்க. உங்க விரல் வேற வெறும் கட்டை. எச்சில் தொட்டுப் புரட்டிப் பாருங்க."

எச்சில் தொட்டுத்தான் மரம்வரை வந்திருந்தான்.

இப்போது வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குழாய் சொட்டும் சத்தம், மூலையில் அவள் புடவை போர்த்திய தையல் மெஷின், அதன் எண்ணெய் வாடை, அந்த வாடைக்கு அடியில் எங்கிருந்தோ மெல்ல ஏறிவந்த ஈரமண் வாடை. திரையில் ஒரு கட்டம் எழும்பியது. எழுத்துக்கூட்டிப் படித்தான்.

இந்தக் கோப்பை இன்னொருவரும் பார்க்கிறார். அனுமதிக்கவா?

'வேண்டாம்' என்ற சொல்லை அழுத்தினான். திரை கேட்கவில்லை. நாக்கில் ஈரமே இல்லை. மறுபடி அழுத்தினான். நகம் வலித்தது.

'ஆம்' என்பது தானாக அமுங்கியது.

படகு நகர்ந்தது. வீடு வந்தது. விளக்கு. கிணறு. அவன் படிக்காத பக்கங்கள், அவன் படித்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்று நின்று புரண்டன.

கீழே போட நினைத்தான். அவள் கையெழுத்து. போட முடியவில்லை.

கடைசிப் பக்கம்.

படம் இல்லை. ஒரே வரி.

"இ... னி..."

திரையை முகத்துக்கு அருகே கொண்டுவந்தான்.

"உ... ன... க்கு..."

எழுத்து தவறவில்லை. வரி பிசகவில்லை. அப்போதுதான் கண்டான். ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் ஒரு விரல் நகர்ந்துகொண்டிருந்தது.

அவனுடைய இரண்டு கைகளும் கைபேசியைப் பிடித்திருந்தன.

தோளுக்கு மேலாக வந்த கை. கழுத்தில் மூச்சு படவில்லை. சுட்டுவிரலில் ஊசிப் புள்ளிகள். நகத்துக்குள் மண். அவன் தள்ளிய மண்.

விரல் காத்திருந்தது.

"என்... வி... ர... ல்..." கண்ணீர் எழுத்தை மறைத்தது. "வே... ண்... டா... ம்."

இனி உனக்கு என் விரல் வேண்டாம்.

"படிச்சிட்டேன்டி," என்றான். திரும்பிப் பார்க்கவில்லை. "நானே படிச்சிட்டேன். போதும். போய்த் தூங்கு."

விரல் வரியின் முடிவில் சற்று நின்றது. பிறகு கண்ணாடியில் ஈரமண்ணை இழுத்துக்கொண்டு, மெல்லப் பின்னால் போய், மறுபடி படி என்பதுபோல் முதல் எழுத்தைத் தட்டியது.