ரத்தினபாயின் கிணற்றில் உச்சிவெயில்

தன் கிணற்றுக்கு அடி என்று ஒன்று உண்டு என்பதே ரத்தினபாய்க்கு தண்ணீர் ஊறிய நாளிலிருந்து, முப்பது ஆண்டுகளாக, வெறும் நம்பிக்கைதான். அன்றைக்குக் குனிந்தபோது அடி தெரிந்தது. தொண்ணூற்றெட்டில் விழுந்த பித்தளைச் சொம்பு, அதன் நெளிசல், கழுத்தில் புருஷன் பெயரின் முதல் எழுத்து எல்லாம் நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி துல்லியமாகக் கிடந்தன. அவள் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்படுவதற்குக் காரணமும் இருந்தது.

மழைக்காலத்தில் ஏரி வழிந்து முடிச்சூர்ப் பக்கத்து அந்தத் தெருவுக்குள் புகுந்ததிலிருந்து கிணறு டீ நிறமாகிவிட்டது. நலச்சங்கச் செயலாளர் பக்தவச்சலம் வீடு வீடாக வந்து கிணறுகளை மண் கொட்டி மூடச் சொன்னார். பதினோரு வீட்டில் மூடினார்கள். பன்னிரண்டாவது ரத்தினபாயுடையது. அவளும் புருஷனுமாக மண் சுமந்து வெட்டியது. புருஷன் போய்விட்டான், கிணறு போகவில்லை. மூட முடியாது என்றாள். ஒரு மாதத்தில் தெளியாவிட்டால் தாமே மண் லாரியோடு வருவதாகவும், தெளிந்தால் ஒரு டம்ளர் குடித்துக் காட்டுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார் அவர்.

வழி சொன்னவன் மீன் விற்கும் பென்னி. ஏரியில் புதிதாக ஒரு சிப்பி வந்திருக்கிறது, கட்டைவிரல் நகம் அளவு, கறுப்பு, எந்த ஊர்ச் சரக்கோ தெரியாது, கலங்கலைக் குடித்துவிட்டுத் தெளிவைத் துப்புகிறது என்றான். "ஏரி பளபளன்னு கீதுக்கா. மீனுதான் ஒண்ணும் காணோம்."

பின்பாதி அவள் காதில் ஏறவில்லை. ஒரு பக்கெட் நிறைய வாங்கிக் கிணற்றில் கவிழ்த்தாள். மூன்றாவது வாரம் பக்தவச்சலம் டம்ளரைக் குடித்து முடித்து, மேலுதட்டைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

தெளிந்த தண்ணீரில் வெயில் அடிவரை இறங்கியது. வெயிலைக் கண்டதும் அடிச்சேற்றிலிருந்து பாசிக்கொடி எழுந்தது. கொடியில் சிப்பி ஏறி உட்கார்ந்தது. சிப்பி பெருகப் பெருகத் தண்ணீர் இன்னும் தெளிந்தது, தெளியத் தெளியக் கொடி இன்னும் அடர்ந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு குடும்பங்கள் மாதிரி ஒன்றை ஒன்று தூக்கிவிட்டுக்கொண்டன. பங்குனி முடிவதற்குள் சொம்பு மறைந்துபோயிற்று.

ரத்தினபாய் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவள். பன்னிரண்டு மணிக்கு உலையை இறக்கிவிட்டு வெளியே வருவது உடம்போடு ஊறிய பழக்கம். தினமும் அந்த நேரத்துக்கு, அதே இடத்தில், அதே இரண்டு செங்கல்மேல் கையூன்றிக் கிணற்றை எட்டிப் பார்ப்பாள். அவள் தலையின் நிழல் விழுந்த மாத்திரத்தில் அத்தனை சிப்பியும் ஒரே சமயத்தில் வாயை மூடும். டக். பெரிய டீச்சர் வந்ததும் அடங்குகிற வகுப்பு மாதிரி. இந்தத் தெருவில் தன்னைக் கண்டு வாயை மூடுகிறவர்கள் இவர்களாவது இருக்கிறார்களே என்று அவளுக்கு அதில் ஒரு பெருமை.

சித்திரை பிறந்து மூன்றாம் நாள். குக்கர் ஆவியும் பெருங்காய வாசனையும் நிறைந்த அடுக்களையில், கையில் கரண்டியோடு நின்றிருந்தபோது கேட்டது. டக்.

விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானத்தின் நிழலாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாள் வானத்தில் விமானம் இல்லை. காக்கைகூட இல்லை. டக். வெளியே வந்து பார்த்தாள். கைப்பிடிச் சுவரில், அவள் வழக்கமாகக் கையூன்றும் இடத்துக்கு இடப்பக்கம், கொதிக்கிற வெயிலில் இரண்டு செங்கல் ஈரமாக இருந்தன. ஏரிச் சேற்றின் வாடை.

அதற்கும் மறுநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியை உற்றுப் பார்த்தாள். தினமும் தன் நிழல் விழுந்த இடத்தில் கொடி முளைக்கவில்லை. தையற்காரன் துணியில் வெட்டியெடுத்த மாதிரி ஒரு தலை, இரண்டு தோள், வெறும் மணல். அது நியாயம். நிழலில் எது முளைக்கும்?

பக்கத்தில் இன்னொரு தலை இருந்தது.

கழுத்து மட்டும் கொஞ்சம் நீளம். ஒரே நாளில் ஆன வழுக்கை இல்லை அது. ஒரு மாதம், தினமும், தோளோடு தோள் நின்று யாரோ எட்டிப் பார்த்திருக்க வேண்டும். இந்த ஒரு மாதமும் அவள் தனியாகத்தான் நின்றாள்.

பக்தவச்சலத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், லாரி வேண்டாம். ஒரு தகர ஷீட் போட்டு மூடிடுங்க போதும். வெயில் இல்லேன்னா அந்தச் செடி செத்துடும்" என்றார்.

"செடி சாகும் சார். எட்டிப் பாத்தது சாகுமா?"

அவர் செருப்பைத் தேடினார்.

"லாரியோட வர்றேன்னீங்க, உங்களுக்கே மூடல. யாரோ பேர் தெரியாததுக்கு மூடுவேனா?"

மறுநாள் பன்னிரண்டு மணி. உலையை இறக்கினாள். கையைத் துடைத்தாள். அதே இரண்டு செங்கல். குனிந்தாள். அவள் நிழல் பழைய செருப்புக்குள் கால் நுழைவது மாதிரி தன் இடத்தில் போய்ப் பொருந்தியது.

டக்.

பக்கத்துத் தலை வெறும் மணலாக வெயிலில் மின்னியது. சிப்பிகள் மறுபடி வாய் திறக்கும்வரை அவள் காத்திருந்தாள். மெல்ல, ஓரத்திலிருந்து, அந்த வெளிச்சம் அணைந்தது.

டக்.

இடத் தோளில் ஒரு சொட்டுத் தண்ணீர். சில்லென்று. திரும்பவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"தள்ளி நில்லு. இது என் கிணறு."

அடியில் இரண்டாவது நிழல் ஒரு சாண் தள்ளி நின்றது. மரியாதையாக.

அப்புறம் வலப்பக்கம். டக். எதிர்ப்பக்கம். டக். அதற்கடுத்து. டக். டக். டக். கிணற்றைச் சுற்றி ஒரு வட்டம் முழுக்க, ஒவ்வொரு தலையாகக் குனிந்துகொண்டே வந்தது. அடியில் வெயில் தட்டளவாயிற்று. டம்ளரளவாயிற்று. பொட்டளவாயிற்று.

ரத்தினபாய் செங்கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. இரண்டு கைக்கும் பக்கத்தில், சுவர் நெடுக, ஈரம் பரவிக்கொண்டிருந்தது. விரல் விரலாக.