குறுக்கே வருவது

அந்த நட்சத்திரம் இவ்வளவு மங்கக் கூடாது.

அறுபத்துமூன்றாம் வருஷம், ஆனி மாதம். சிறுமலைக்கு மேலே, விருச்சிகத்தின் வாலடியில் ஒட்டிக்கிடந்த இரண்டு புள்ளிகளை, வேலுமணி வாத்தியார் மொட்டை மாடியில் நின்று பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு புள்ளி உண்மையில் ஒன்றல்ல. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு ராட்சத நட்சத்திரங்கள். மங்கலானது குறுக்கே வரும்போதெல்லாம் வெளிச்சம் ஒரு துளி குறைந்து, பிறகு மீளும்.

போன ஆனியில் இப்படித்தான் நின்றார். பிள்ளை பெற்று நாலு நாளான மனைவி சொர்ணலட்சுமி கீழேயிருந்து கூப்பிட்டாள். இரண்டு தடவை. நன்றாகவே காதில் விழுந்தது. வெளிச்சம் மீளட்டும் என்று நின்றார். இறங்கிப் போனபோது பாயெல்லாம் ரத்தம், அவள் விறைத்திருந்தாள். கேட்கவே இல்லை என்று எல்லோரிடமும் சொன்னார்.

"மாமா," படியடியிலிருந்து மைத்துனி கண்ணம்மாள் குரல் கொடுத்தாள். "பாப்பா தூங்குறா. குழாய்ல தண்ணி வந்திருச்சு, புடிச்சிட்டு வாரேன்."

"சரித்தா."

"அக்கா கூப்ட்டது கேக்கலேன்னீங்க. பாப்பா அழுதாவாச்சும் கேக்குமா?"

 தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பைனாகுலரை உயர்த்தினார். நட்சத்திரத்தைக் காணோம். மேகமும் இல்லை, பக்கத்துப் புள்ளி பளிச்சென்று இருந்தது. தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றத்தைச் சுமந்துவந்த காற்று சட்டென்று நின்றுபோய், பிள்ளை பெற்ற வீட்டின் பூண்டும் பெருங்காயமும் கலந்த மணமும், அதனடியில் துருப்பிடித்த இரும்பு போன்ற ரத்த வாடையும் மெல்ல எழுந்தன. நட்சத்திரம் மீண்டது. அதற்கு நேர் கீழே, மலையடிவாரத்தில் தோட்டக் காவலுக்கு மூட்டியிருந்த தீ மறைந்து, மீண்டது. பிறகு ரயில் பாதையின் சிவப்பு சிக்னல். மறைந்தது. மீண்டது.

ஏதோ ஒன்று குறுக்கே வந்துகொண்டிருந்தது. நேர்கோட்டில். வீட்டைப் பார்த்து.

தெருமுனைக் கம்பத்து விளக்கு.

வாசல் விளக்கு.

"சொர்ணம்," என்றார்.  "எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் வரல."

கீழே குழந்தை அழவில்லை. சிரித்தது.

படியில் கால் இடறி, சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கி, அறை வாசலில் நின்றார். அரிக்கேன் விளக்கு நன்றாக எரிந்தது. சுவரெல்லாம் வெளிச்சம். பாயில் மட்டும் இருட்டு. விளக்குக்கும் பாய்க்கும் நடுவில் யாரும் இல்லை.

குழந்தை இரண்டு கைகளையும் மேலே நீட்டியது.

அதன் முதுகு பாயை விட்டு எழுந்தது.

அந்தரத்தில், கன்னத்தை இருட்டில் பதித்து, அது சப்பிச் சப்பிப் பால் குடிக்கத் தொடங்கியது.