செத்தவன் டீ குடித்த பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. பீரோ திறந்து கிடந்தது. உள்ளே கலைப்பிரியாவின் கல்யாணச் செயின் இல்லை.

திண்டிவனம் ரயிலடிப் பக்கம் இருக்கிற வீடு. முன்னறையில் வாடகை நூலகம், பின்னறையில் குடித்தனம். கல்யாணம் வியாழக்கிழமை. கோதண்டபாணி மகளைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் போய்க் கூரைப்புடவை எடுத்துத் திரும்பியிருந்தார். அதுவரை நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் சீனுவாசன். அதே தெருக்காரர், கோலியனூர்ப் பக்கம் நிலம் உள்ளவர். நடுவில் வந்துபோன ஆள் ஒருவர்தான்: மல்லாட்டைக் கடலை மண்டியில் மூட்டை தூக்கும் ராயப்பன்.

உதவி ஆய்வாளர் இசைவாணி உள்ளே நுழைந்தபோது மணி ஆறு. ராயப்பனின் உறுப்பினர் அட்டை இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.

“இவன உள்ள வுட்டதே என் தப்பு மேடம்,” கோதண்டபாணிக்கு மூச்சு வாங்கியது. “வயசான காலத்துல எழுத்துக் கூட்டிப் படிக்கிறானேன்னு சேத்தேன். மண்டியிலேர்ந்து இழுத்தாந்துட்டேன். ஜல்தியா கூட்டினு போயி ரெண்டு தட்டு தட்டுங்க. என் பொண்ணு அழுதுக்கினு கெடக்குது.”

“சோதிச்சீங்களா?”

“ரெண்டு பேரு சட்டை, பை, மடி எல்லாம் பாத்தாச்சு. சீனு அண்ணனே ‘என்னயும் பாரு’ன்னு எழுந்து நின்னாரு.”

சீனுவாசன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மடியில் ஒரு தடித்த வால்யூம், பழைய வாரப் பத்திரிகைத் தொடர்களைச் சேர்த்துத் தைத்தது. வீட்டுக்கு எடுத்துப் போவதற்காம். பக்கத்து மேசையில் புதுசாக வந்த ஒரு துப்பறியும் நாவல்.

இசைவாணி ராயப்பனிடம் திரும்பினாள்.

“எதுக்கு வந்தீங்க?”

“மேசையில கெடக்குதே, அந்தப் பொஸ்தகத்தத் திருப்பிக் குடுக்க. ராத்திரி படிச்சு முடிச்சேன். மத்தியானம் வந்து இவரு கையில குடுத்து, திட்டித் தீத்துட்டுப் போனேன்.”

“பின்பக்கம் போனீங்களா?”

“கொடத்துல தண்ணி மோந்து குடிச்சேன். அவ்ளோதான்.”

“எதுக்குத் திட்டினீங்க?”

ராயப்பனின் களைத்த முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. “பின்ன இன்னா மேடம்? இப்ப வர்றதெல்லாம் ஒரே மாதிரி. கொல பண்ணவனுக்கு ரெட்டப் பொறவி ஒருத்தன் இருக்கான். இல்லாட்டி துப்பறியறவனுக்கே சித்தம் கலங்கிடுது. அதுவும் இல்லாட்டி, கத பூரா வராத ஒருத்தன் கடைசியில ப்ளேனு புடிச்சு வந்து ‘நாந்தான் கொன்னேன்’ங்கிறான். காசு குடுத்துப் படிக்கிறவன் கேனயனா?”

“இந்தப் புத்தகத்துல?”

“இது எல்லாத்தயும் தூக்கிச் சாப்ட்டுச்சு. பேங்க்கு வாட்ச்மேன் ஒயரு இறுகிச் செத்துட்டான். பொணத்த ஆஸ்பத்திரிக்கும் தூக்கினு போயாச்சு. கொஞ்சம் பக்கம் தள்ளிப் பாத்தா, அதே ஆளு பெஞ்சுல குந்திக்கினு டீ குடிக்கிறான்! எழுதுனவன் போட்டோல சிரிக்கிறத பாத்தா பத்திக்கினு வருது.”

இசைவாணி மேசையிலிருந்த நாவலின் அட்டையைப் பார்த்தாள். விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சரில் வருகிறவள். அதே நாவலைப் போன வாரம் ரயிலில் படித்து, பாதியிலேயே யார் கொலைகாரன் என்று தெரிந்து, எரிச்சலில் பைக்குள் திணித்தவள். அதை ஏசுவதற்கு அவளிடமும் ஒரு மூட்டை இருந்தது. ஆனால் செத்தவன் டீ குடித்தது அவள் மூட்டையில் இல்லை.

சீனுவாசன் சிரித்தார். “இவனுக்கெல்லாம் எதுக்கு மேடம் கதை? வாட்ச்மேன் மொதல்ல டீ குடிக்கிறான். குடிச்சிக்கினே லாக்கர் சாவியப் பத்தி ஒளறிடுறான். அதனாலதான் அவனைக் கொல்றாங்க. எவ்ளோ அழகா கட்டியிருக்காரு எழுதினவரு! மத்தியானத்துலேர்ந்து தலைய நிமிர்த்தல நான். பின்னாடி இவன் என்ன பண்ணான்னு பாக்காம போனதுக்கு அதான் காரணம்.”

“ஒரே மூச்சுல படிச்சீங்களா?”

“ஒரே மூச்சுல.”

“நாற்காலிய விட்டு எழுந்திரிக்கல?”

“எழுந்திரிக்க விட்டாத்தானே!”

“முன்னாடியே படிச்சதோ?”

“இன்னிக்குத்தான் கையில எடுத்தேன். இந்தப் பிரதியேதான்.”

“எங்கயாவது தடுக்குச்சா?”

“தண்ணி மாதிரி ஓடுது மேடம்.”

“பொய் சொல்றனா நானு?” ராயப்பன் எழுந்தார். கோதண்டபாணி அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். “குந்துடா! திருட்டுப் பையன் கதை பேச வந்துட்டான். பேஜாரு புடிச்சவனே!”

இசைவாணி மேசையிலிருந்த நாவலை எடுத்தாள். நடுவில் பிரித்து மெதுவாகப் புரட்டினாள். பிறகு சீனுவாசன் முன்னால் நீட்டினாள்.

“எண்பதாம் பக்கம் முடிஞ்சா அடுத்து என்ன பக்கம்?”

“எண்பத்தொண்ணு. இது ஒரு கேள்வியா?”

“பாருங்க.”

அடுத்த பக்கத்தில் தொண்ணூற்றேழு என்று இருந்தது. சீனுவாசனின் கை வால்யூமின் மேல் இறுகியது.

“பதினாறு பக்கம் சேத்து அச்சடிச்சு மடிக்கிறது ஒரு ஃபாரம். தைக்கிறப்ப ஒரு ஃபாரத்த இடம் மாத்தித் தைச்சுட்டாங்க. சாவு முன்னாடி வந்துருச்சு, டீ பின்னாடி போயிருச்சு. இந்தப் பிரதியப் படிக்கிற எவனுக்கும் செத்தவன்தான் டீ குடிப்பான். ராயப்பன் படிச்சாரு, அதனால திட்டுனாரு. நீங்க படிக்கல, அதனால தண்ணி மாதிரி ஓடுச்சு.”

“நான்... பக்கமெல்லாம் பாக்கறதில்ல...”

“கதையயும் பாக்கல. சரியான வரிசையில கதைய எங்க கேட்டீங்க?”

“போன்ல... கதைச் சுருக்கம் சொல்ற சேனல்ல.”

“அப்ப மத்தியானம் பூரா என்ன பண்ணீங்க?”

அவர் வால்யூமை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். இசைவாணி கை நீட்டினாள். “நிமிர விடாத நாவல மேசையில போட்டுட்டீங்க. மடியில இருக்கிறத மட்டும் நான் வந்ததுலேர்ந்து விடல. குடுங்க.”

வால்யூமை விரித்தாள். காலிகோ துணி ஒட்டிய முதுகு பின்பக்கம் வளைந்து, துணிக்கும் தையலுக்கும் நடுவே பொந்து தெரிந்தது. தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். முதலில் பொந்தை அடைத்திருந்த கசங்கிய காகிதம் விழுந்தது. பின்னாலேயே செயின் வழுக்கி வந்தது.

“சட்டையத் தடவுனீங்க, பையத் தடவுனீங்க,” என்றாள் கோதண்டபாணியிடம். “நூலகத்துல புத்தகத்த யாரு சோதிப்பாங்க?”

“சீனு அண்ணே...” கோதண்டபாணி செயினையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நீயா?” சீனுவாசன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கலைப்பிரியா உள்ளேயிருந்து வந்து செயினை எடுத்துக்கொண்டாள். அவர் பக்கம் ஒரு தடவை காறித் துப்பிவிட்டுப் போனாள்.

வெளியே ஜீப் வந்து நின்றது. கோதண்டபாணி மேசை இழுப்பறையைத் திறந்து புதிய அட்டை ஒன்றை எடுத்தார்.

“ராயப்பா, மனசுல வச்சுக்காத. புதுசாவே எழுதித் தர்றேன்.”

“புதுசு வேணாம்.” ராயப்பன் தரையைக் காட்டினார். “கிழிச்சதயே ஒட்டிக் குடு. ஒவ்வொரு தடவ நான் வர்றப்பவும் அத நீ பாக்கணும்.”

கோதண்டபாணி குனிந்து இரண்டு துண்டையும் பொறுக்கினார். பசை தேடி எடுத்து ஒட்டினார்.

“நம்பர் மாறியிருந்தத நீங்க கவனிக்கலயா?” என்று இசைவாணி ராயப்பனிடம் கேட்டாள்.

“பாத்தேன் மேடம். வாக்கியம்கூடப் பாதியில அறுந்து நின்னுச்சு. இப்பல்லாம் முன்ன பின்ன குதிச்சுத்தானே எழுதுறானுங்க, இதுவும் அந்த ஸ்டைலுன்னு நெனச்சேன்.” அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப எழுதுனவன் மேல தப்பு இல்லியா?”

“டீ விஷயத்துல இல்ல.”

“மிச்சத்துக்கு?”

“மிச்சத்துக்கு அவருதான் பொறுப்பு.”

ராயப்பன் ஈரம் காயாத அட்டையை வாங்கி, புத்தகம் எடுப்பதைப் பதிந்துகொள்ள மேசைமேல் வைத்தார். நாவலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“வரிசையா ஒரு தடவ படிக்கிறேன். அப்புறம் வந்து ஒழுங்காத் திட்டுறேன்.”