கிண்ணத்துப் பால்

காலையில் ஊற்றிய பால் மாலையிலும் அப்படியே இருந்தது. மேலே ஆடை கட்டி, அதில் ஒரு நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. மருத்துவமனையிலிருந்து அவள் வீடு திரும்பி ஒன்பது நாளாக இதே கதைதான். தையல்காரியும் சளைக்காமல் கிண்ணத்தைக் கழுவி, புதுப் பால் ஊற்றி, இந்தப் பூனைக்கு ராங்கி கூடிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மற்றபடி பூனைக்கு ஒரு குறையும் இல்லை. தையல் இயந்திரத்தின் முன் அவள் உட்கார்ந்த மறு நிமிடம், காது கிழிந்த அந்தச் சாம்பல் தலை மடிக்கு வந்துவிடும். முன்பெல்லாம் ஏறும்போது சேலையில் நகம் மாட்டி நூல் பிரியும். இப்போது எதுவும் மாட்டவில்லை. காலடி ஓசை இல்லை, கறுப்புத் துணியில்கூட ஒரு முடி உதிரவில்லை. அதன் உடம்பில் அந்துருண்டை வாசம் மட்டும் லேசாக அடித்தது.

அந்துருண்டை இந்த வீட்டில் ஓரிடத்தில்தான் உண்டு, எதிர்ச்சுவரை அடைத்து நிற்கும் மர அலமாரியில். வாடிக்கையாளர் துணியில் பூனை முடி ஒட்டக் கூடாதென்று, கதவைச் சாத்தியதும் கையோடு சாவியைத் திருப்பிவிடுவது அவள் பழக்கம். இருமலில் ரத்தம் வந்து, கண் இருட்டி, வாசலில் ஆம்புலன்ஸ் நின்ற அன்றும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. உள்ளே, மடித்த துணிகளின்மேல் பூனை சுருண்டு தூங்கியதுதான் கண்ணில் பட்டும் மனதில் பதியவில்லை.

அது நினைவுக்கு வந்தது மூன்றாம் நாள், மருத்துவமனைக் கட்டிலில். சாவி தலைமாட்டுப் பையில் இருந்தது. பக்கத்தில் அக்கா, வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு, இவளுக்காகக் கண்விழித்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். ஆனால் நுரையீரலில் கோளாறு என்று தெரிந்த அன்றே பூனையை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னவள் அக்கா. கொடுத்துவிட்டேன் என்று சத்தியம் செய்தவள் இவள். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? சாயங்காலம் சொல்லலாம் என்று தள்ளினாள். விடிந்ததும் சொல்லலாம். அப்படியே ஒரு வாரம் போனது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நாற்பது நாளும் போனது. உயிர் பிழைத்து வந்துவிட்டாள். அந்த நாட்களை நினைத்தால் மட்டும் இன்னும் வெட்கத்தில் உடம்பு கூசியது.

வீட்டைத் திறந்தபோது அடித்த நாற்றத்தை, "எலி ஏதோ செத்துக் கெடக்கு" என்று அக்கா பினாயில் ஊற்றிக் கழுவினாள். இவள் வாயைத் திறக்கவில்லை. அக்கா போனபின் பூனை மடியில் வந்து உட்கார்ந்ததும் ஓவென்று அழுதாள். அது அன்றைக்கு உள்ளேயே இருந்திருக்காது, எப்படியோ தப்பித்திருக்கும். நம்புவதற்குச் சௌகரியமாக இருந்தது, நம்பினாள். அலமாரியை மட்டும் திறக்கவில்லை.

விளக்கு போடும் நேரத்தில் அக்கா வந்தாள்.

"கோட்டு தைக்கக் கொடுத்தவர் நாலு தடவை போன் பண்ணிட்டார். நீ எழுந்திருக்காதே, நானே எடுத்துக்கறேன்" என்று திரும்பியவள், மடியைப் பார்த்து நின்றாள். "கொடுத்துட்டேன்னு சொன்னியேடி?"

"திரும்பி வந்துடுச்சுக்கா."

பொய் தடங்கலில்லாமல் வந்தது. மடி கொஞ்சம் கனத்தது.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்தாள்.

"வேண்டாம்க்கா. அப்புறம் பாத்துக்கலாம்."

எழப் பார்த்தாள். முடியவில்லை. மடியில் அம்மிக்கல் கனம்.

சாவி திரும்பியது. கதவு முனகியது. அந்துருண்டை வாசம். அதனடியில், வேறொன்று.

கதவின் உள்பக்கம் மரம் நார் நாராகக் கிழிந்திருந்தது. கீறல்மேல் கீறல். பிளவுகளில் வெள்ளையாக, சின்னச் சின்னதாக, ஏதோ குத்தி நின்றன. அக்கா ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள்.

நகம்.

கீழ்த்தட்டில் கறுப்புக் கோட்டு. கோட்டின்மேல், காய்ந்து ஒட்டிய சாம்பல் உடல். கிழிந்த காது.

அக்கா அதைப் பார்த்தாள். பிறகு தங்கையின் மடியைப் பார்த்தாள்.

"இது உள்ள மாட்டிக்கிச்சுன்னு... உனக்குத் தெரியுமா?"

இப்போதாவது சொல்லிவிடலாம். இப்போதாவது.

"தெரியாதுக்கா."

ஒன்பது நாளாகச் சத்தமே போடாத பூனை, மடியில் சுகமாகக் குர்குரென்று உறுமத் தொடங்கியது. நகமில்லாத முன்கால் ஒன்று மெதுவாக மேலே வந்து, மெத்தென்று, அவள் வாயைப் பொத்தியது.