மூடியிருந்த விரிசல்

துடைத்த இடத்தில் மறுபடியும் தூள் படிந்திருந்தது.

உதவிப் பொறியாளர் வசெமதா விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள். எந்திர அறையிலிருந்து கப்பலின் பின்முனைவரை நீளும் அந்தக் குறுகலான சுரங்கத்தில், ஆள் தொடைப் பருமனில் ஓர் எஃகுத் தண்டு ஓயாமல் சுழன்றுகொண்டிருந்தது. அதன் மறுமுனையில், சுவருக்கு அப்பால், கடலுக்குள் புரொப்பெல்லர். காலையில்தான் தண்டுக்குக் கீழிருந்த தகட்டைத் துணியால் துடைத்திருந்தாள். இப்போது அதன்மேல், காய்ந்த ரத்தத்தைப் பொடித்துத் தூவியதுபோல் கருஞ்சிவப்பாக ஒரு கோடு.

சுரங்கம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கும், அடியில் தேங்கிய உப்புநீரின் அழுகல் வாடையும். தலைக்கு மேலே பயணிகள் தளத்தில் யங்கோனா என்ற வேர்ப்பானத்தின் கிண்ணம் கைமாறும்போதெல்லாம் எழும் கைத்தட்டல், இரும்புத் தகடுகளின் வழியே இறங்கி, யாரோ வெகுதொலைவில் கதவைத் தட்டுவதுபோல் மழுங்கிக் கேட்டது. அதற்கும் அடியில் இன்னொரு சத்தம். தூக்கத்தில் ஒருவர் பல்லை நறநறவென்று கடிப்பதுபோல.

ஒரு சிறு தீவுக்கு எதிரே சாமான் இறக்கக் கப்பல் எஞ்சினை அணைத்து மிதந்து நின்றபோது, தண்டைத் தொட்டுப் பார்த்தாள். நகம் எதிலோ சிக்கியது. பிழிந்த துணியின் முறுக்குபோல் சாய்வாக ஒரு மெல்லிய கோடு, தண்டைச் சுற்றி அடிப்பக்கம் போய் மறைந்தது. அதன் மறுமுனையை அவள் விரல்கள் தேடின. கிடைக்கவில்லை.

தலைமைப் பொறியாளர் அப்பிசாய் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மயிரிழை. உங்க லாவுத் தீவுக்காரங்களுக்கு எலி தும்மினாலும் புயல்தான்."

"சிரிக்காதீங்க அண்ணே. உள்ள ரெண்டு பக்கமும் ஒண்ணோட ஒண்ணு அரைபடுது. அந்தத் தூள்தான் இது."

"அரைபட்டா என்ன? ஓடுதுல்ல?"

"முன்னால போறவரைக்கும் புரொப்பெல்லர் தண்டை அழுத்திக்கிட்டே இருக்கு. அந்த அழுத்தத்துல விரிசல் வாயை மூடிக்கிட்டிருக்கு. முறுக்குல மட்டும் உள்ளுக்குள்ள வளருது. கரையில நிறுத்த ரிவர்ஸ் போட்டா தண்டை இழுக்கும். வாயைத் திறந்துடும்."

"ரிவர்ஸ் போடாம? பவளப்பாறை வந்து நிறுத்தட்டுமா?"

"பாறைக்கு வெளியிலயே நங்கூரம் போடச் சொல்லுங்க."

அவர் மேலே போய்த் திரும்பி வந்தார். "கேப்டன்கிட்ட கேட்டுட்டேன். வெளியில அலை அதிகம், படகுல குழந்தைங்களை இறக்க முடியாதுன்னுட்டார்." அப்பிசாயின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "நீ பக்கத்துல நின்னு பாத்துக்க. ஏதாச்சும்னா கத்து. எஞ்சினை நிறுத்திடறேன்."

பிற்பகலில் கப்பல் பாறைகளுக்கு நடுவிலிருந்த வழியில் நுழைந்தது. மேலே பாட்டு தொடங்கியிருந்தது. ஊர் வந்துவிட்ட மகிழ்ச்சியில் பெண்களின் குரல்கள் அடுக்கடுக்காக எழுந்தன. சுரங்கத்தின் கடைசியில், தண்டு சுவருக்குள் நுழையும் இடத்தில் வசெமதா விளக்கோடு நின்றாள். வியர்வை முதுகில் ஊர்ந்தது. தண்டின் சுழற்சி குறைந்தது. நின்றது.

நறநறப்பும் நின்றது.

அவ்வளவு நேரம் அவளைப் பயமுறுத்திய சத்தம் இப்போது இல்லாமல் போனது அதைவிடப் பயமாக இருந்தது.

கேப்டனின் உத்தரவு மணி ஒலித்தது. ரிவர்ஸ்.

தண்டு எதிர்ப்பக்கமாகச் சுழன்றது. ஒரு சுற்று. இரண்டு. சாய்ந்த கோடு கறுத்தது. தடித்தது. விலகியது.

"நிறுத்துங்க! அண்ணே, நிறுத்துங்க!"

எலும்பு முறிவதுபோல் ஒரே ஒரு சத்தம்.

பின்பாதித் தண்டு சுவருக்குள் வழுக்கிக்கொண்டு போனது. கண்ணெதிரே. கடலை நோக்கி. அது இருந்த இடத்தில் வட்டமான ஓட்டை. ஒரு கணம் அதில் பச்சை வெளிச்சம்.

பிறகு தண்ணீர்.

மார்பில் மோதி அவளைச் சாய்த்தது. எழுந்தாள். முழங்காலளவு. சுரங்கத்தின் மறுகோடியில் நீர்புகாக் கதவருகே அப்பிசாய். கையை நீட்டினார். "ஓடி வா!" அவள் ஓட முயன்றாள். தண்ணீர் காலை வாரியது. மறுபடி எழுந்தபோது இடுப்பளவு. கதவின் விளிம்பைத் தாண்டி எந்திர அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

மேலே இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளின் குரலும் கேட்டது.

அப்பிசாய் அவளைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

"மூடிடுங்க" என்று தானே கத்தியது அவளுக்குக் கேட்டது.

கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பக்கம் பூட்டுச் சக்கரம் சுற்றும் ஓசை.

விளக்கு இன்னும் கையில் இருந்தது. உயர்த்திப் பிடித்தாள்.

முன்பாதித் தண்டின் முறிந்த முகம், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, சுழன்று சுழன்று அவளுக்கு எதிரே வந்து நின்றது. விளிம்பிலிருந்து உள்ளே, அலை விட்டுப்போன மணல்வரிகளைப்போல் வட்டத்துக்குள் வட்டமாக, கரேலென்று கண்ணாடிபோல் தேய்ந்திருந்தது. இன்று முறிந்தது அல்ல. எப்போதோ முறிந்தது. நடுவில் மட்டும், சீசா மூடி அளவுக்கு, வெள்ளை வெளேரென்று புத்தம்புது உலோகம்.

இத்தனை பயணமும் அதை நம்பித்தான்.

கறுப்பின் நடுவே அந்த வெள்ளை, இமைக்காமல் அவளையே பார்த்தது. தண்ணீர் அதன் கீழ்விளிம்பைத் தொட்டது.