கிர்ஸ்டியின் காவல்

கிர்ஸ்டி கிழவி லாக்லனுக்கு இரண்டு பென்னி பாக்கி. அவளாகக் கேட்டு வாங்கிய கடன் இல்லை. செத்தவளின் கண்கள் மூடாமல் கிடந்தன. இமைகள் மூடி நிற்க அவற்றின் மேலே வைக்க அவள் வீட்டில் காசு இல்லை. லாக்லன்தான் தன் பையிலிருந்து எடுத்து வைத்தான். பெட்டியை மூடுமுன் திரும்ப எடுத்துக்கொள்வது வழக்கம். மழை வருகிறதென்று அவசரமாக ஆணி அடித்ததில் மறந்துபோனது.

அதற்குப் பிறகு மூன்று வாரத்தில் பாலன்டோர் கிராமத்தின் பதினொரு வீடுகளில் பத்துக்குக் கூரை போய்விட்டது. செம்மறி மேய்க்க இடம் வேண்டுமென்று நிலக்காரரின் ஆட்கள் கொளுத்தினார்கள். லாக்லனின் மனைவி உன்னா காய்ச்சலில் கிடந்ததால் அவன் வீட்டுக்கு மட்டும் விடியும்வரை தவணை. காலையில் வண்டி வரும். துறைமுகத்தில் வைத்தியர் இருக்கிறார். அதுவரை அவள் தாங்கினால் போதும் என்றிருந்தான் லாக்லன்.

மத்தியானம் நிறைத்து வைத்த வாளி, பொழுது சாயும்போது காலியாக இருந்தது. அடியில் ஈரம்கூட இல்லை.

"தண்ணிய நீ குடிச்சியா, புள்ள?"

"வாளி முழுக்கவா? நான் என்ன மாடா?" போர்வைக்குள் சிரித்த உன்னாவுக்கு இருமல் வந்தது. அடங்கியதும் மெல்லச் சொன்னாள்: "கிர்ஸ்டியா இருக்கும்."

"சும்மா கெட."

"கடைசியாப் புதைச்ச ஆளுதானே கல்லறைக்குக் காவல்? மத்தவங்க தாகத்துக்குத் தண்ணி சுமக்கணும். அடுத்த சாவு விழுந்தாத்தான் அவளுக்கு விடுதலை. நாம போயிட்டா அவள மாத்த இந்த ஊர்ல யாருய்யா இருக்கா?"

"எனக்கு ரெண்டு பென்னி தரணும் அவ. மொதல்ல அதக் கொண்டாந்து வைக்கச் சொல்லு."

"நீயே போய் வசூல் பண்ணு. வரும்போது தண்ணியும் எடுத்துட்டு வா. நாக்கு வறளுது."

வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்து விறைத்திருக்க, எரிந்த கூரைகளின் ஈரச்சாம்பல் வாசனை தொண்டையில் ஒட்ட, தன் பூட்ஸ் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காத பாதையில் அவன் ஊற்றை நோக்கி நடந்தான். வெள்ளைத் தரையில் கறுப்பாகச் சொட்டுச் சொட்டாக ஈரம். அவன் வீட்டு வாசலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு. சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஒவ்வொரு கல்லின் தலைமாட்டிலும் உள்ளங்கையளவு பனி கரைந்திருந்தது. கிர்ஸ்டியின் மேட்டில் மட்டும் இல்லை.

வாளியை நிறைத்துக்கொண்டு வேகமாகத் திரும்பினான். பாதித் தண்ணீர் காலில் சிந்தியது.

பாதையில் புதிதாக வெறுங்கால் தடங்கள். சின்னக் கால்கள். கல்லறைப் பக்கமிருந்து வந்தவை. வீட்டை நோக்கி.

திரும்பிப் போன தடம் இல்லை.

கதவு ஒரு கையளவு திறந்திருந்தது. சாத்திவிட்டுத்தான் போனான். நன்றாக நினைவிருந்தது.

"உன்னா?"

இருமல் கேட்கவில்லை.

வாளியை வாசற்படியில் வைத்தான். உள்ளே போனான். புதுமண் வாசனை. அடுப்பில் தணல் கொஞ்சம். கட்டிலில் உன்னா, விட்டுப்போனபடியே மல்லாந்து கிடந்தாள். முகத்தில் ஏதோ மினுங்கியது.

குனிந்தான்.

கண்ணுக்கு ஒன்றாக இரண்டு பென்னி. விளிம்பில் ஈரக் களிமண்.

பாக்கி தீர்ந்திருந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால், வாசற்படியில், வாளியின் பிடி கிறீச்சிட்டது. பிறகு வெளியே, கல்லறைப் பாதையில், கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகிக்கொண்டே, உன்னாவின் இருமல்.